பிணத்துக்கும் கால்ஷீட் உண்டு

கோடை வெயில். முகம் முழுக்க ரப்பர் தோல், கண்ணில் மங்கிய லென்ஸ், பல்லில் கறை. வசனம் கிடையாது. சாயங்காலம் கதாநாயகன் வந்து மண்டையில் கத்தியை இறக்குவார், அதோடு உங்களுக்கு பேக்-அப். ‘தி வாக்கிங் டெட்’ தொடரில் ஜாம்பியாக நடிப்பவரின் ஒரு நாள் இப்படித்தான் போகும். இதற்கும் ஆள் தேர்வு வைத்தார்கள். பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். ‘ஜாம்பி பள்ளி’ என்று அதற்குப் பெயர். தொடரின் ஒப்பனைத் தலைவர் கிரெக் நிகோட்டெரோவே நின்று சொல்லிக்கொடுத்தார். ஒல்லியா, கழுத்து நீளமா, கண் பெரிதா என்று பார்த்து எடுத்தார்கள். ரப்பர் தோலை ஒட்டினால் முகம் பருத்துவிடும். பிணம் கொழுகொழுவென்று இருந்தால் யார் நம்புவார்கள்? அதனால் கன்னம் ஒட்டியவர்களுக்கு முன்னுரிமை. ஒட்டிய கன்னம் தகுதியாகக் கருதப்படும் வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சினிமா, சீரியல், ஓடிடி பக்கம் போக நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, “எந்த கோர்ஸ் படிக்கலாம்?” என்றுதான். கோர்ஸ் பிறகு இருக்கட்டும். முதலில் இந்தத் தொடரை எடுத்தவர்களும் நடித்தவர்களும் பேசியதைக் கேளுங்கள் என்பேன். காரணம், இவர்கள் அளவுக்குத் தங்கள் வேலையைப் பற்றி வெளியே பேசிய கூட்டம் குறைவு. 2010 அக்டோபர் 31 அன்று ஏஎம்சி சேனலில் தொடங்கி 2022 நவம்பர் 20 வரை 11 சீசன், 177 எபிசோட் ஓடியது தொடர். 2011இலிருந்து எபிசோட் முடிந்த கையோடு ‘டாக்கிங் டெட்’ என்று ஒரு நிகழ்ச்சியும் வந்தது. அன்றைக்குச் செத்தவர், அவரைச் சாகடித்து எழுதியவர், காயத்தை ஒட்டியவர் என்று மாறி மாறி சோபாவில் உட்கார்ந்து, எப்படிச் செய்தோம் என்று சொன்னார்கள். காமிக்-கான் ரசிகர் விழா மேடைகளில் வருஷா வருஷம் பேசியது தனி.

அதையெல்லாம் சேர்த்துக் கேட்டால் ஒன்று பிடிபடும். இந்தத் தொடரில் உயர்ந்தவர்களில் பலர் உள்ளே வந்த கதவு வேறு, கடைசியில் உட்கார்ந்த நாற்காலி வேறு. தன் வேலையைச் செய்துகொண்டே பக்கத்து மேசையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் அவர்கள்.

கடை தெரிந்து சரக்கு எடுங்கள்

கதை விற்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ராபர்ட் கிர்க்மேன் எழுதிய ‘தி வாக்கிங் டெட்’ காமிக்ஸின் முதல் இதழ் 2003 அக்டோபரில் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாக வந்தது. ஜாம்பி கதை விற்காது என்று பதிப்பகத்தில் தயங்கியிருக்கிறார்கள். கிர்க்மேன் ஒரு புளுகு விட்டார்: இந்த ஜாம்பிகளெல்லாம் வேற்றுக்கிரகவாசிகளின் ஏற்பாடு, பிற்பாடு அது கதையில் தெரியவரும் என்று. சரக்கு கைமாறியது. வேற்றுக்கிரகவாசி கடைசிவரை வரவில்லை. பின்னாளில் அவரே பேட்டிகளில் இதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

புளுகச் சொல்லவில்லை; எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அவர் புரிந்துகொண்டதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரின் பயம் பெரும்பாலும் கதையைப் பற்றியது அல்ல, ‘இதை எப்படி விற்பேன்’ என்பதைப் பற்றியது. அந்தப் பயத்துக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். கிர்க்மேனிடம் உண்மையான பதிலும் இருந்தது. ஜாம்பி படங்கள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் காட்டவில்லை. நான் முடியாத ஜாம்பி படம் எழுதப்போகிறேன். இந்த மூன்று துண்டில் கதை இருக்கிறது, புதுமை இருக்கிறது, தொடர் எத்தனை வருஷம் ஓடும் என்பதும் இருக்கிறது. உங்கள் கதையை இப்படிச் சொல்ல வருகிறதா என்று ஒருமுறை வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்திலேயே அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனால் திருத்த வேண்டும்.

இயக்குநர் ஃபிராங்க் டாரபான்ட் 2005 வாக்கில் ஒரு காமிக்ஸ் கடையில் இதைப் பார்த்து வாங்கினார். அப்போதே அவர் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ எடுத்துப் பெயர் வாங்கியவர். இருந்தும் முதலில் அணுகிய என்பிசி நெட்வொர்க்கில், இதில் ஜாம்பி இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டார்களாம். டாரபான்டுக்கும் பல வருஷம் காத்திருப்பு. தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்ட் சேர்ந்த பிறகு ஏஎம்சிக்குப் போனார்கள். அந்தச் சேனல் ‘மேட் மென்’, ‘பிரேக்கிங் பேட்’ என்று பெரிய சேனல்கள் தொடாத கதைகளை எடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. தவிர, அக்டோபர் மாதமானால் பேய்ப்படங்களாக ஓட்டும் வழக்கமும் அதற்கு உண்டு. கதை அதேதான், கடைதான் மாறியது. நிராகரித்த இடத்தில் கதையைத் திருத்தித் திருத்தி அதன் உயிரை எடுப்பதைவிட, அந்தச் சரக்கு போகிற கடை எது என்று ஒரு மாதம் விசாரிப்பது மேல்.

எழுத்தாளர் அறை

நம் ஊரில் ‘கதை டிஸ்கஷன்’ எப்படி நடக்கும் என்று தெரியும். லாட்ஜில் ரூம், டீ, வடை, பத்து நாள். பதினோராம் நாள் யார் பெயர் டைட்டிலில் வரும் என்பது மேலே இருப்பவரின் மனசைப் பொறுத்தது. அமெரிக்கத் தொடர்களில் எழுத்தாளர் அறை சம்பளத்துக்கு நடக்கிறது. யார் பெயர் போடுவது என்ற வழக்கை எழுத்தாளர் சங்கமே விதிப்படி தீர்க்கிறது. அறைக்குள் படிக்கட்டும் இருக்கிறது: ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், அப்புறம் புரொடியூசர் என்ற பட்டத்தில் நாலைந்து படி, உச்சியில் ஷோரன்னர். அங்கே டைட்டிலில் வரும் புரொடியூசர்களில் பலர் பணம் போட்டவர்கள் அல்ல, எழுத்தாளர்கள். ஷோரன்னர் என்பவர் கதைக்கும் பட்ஜெட்டுக்கும் நடிகருக்கும் எடிட்டிங்குக்கும் சேர்த்துப் பொறுப்பு. நம் சினிமாவில் இயக்குநர் உட்காரும் இடத்தில் அங்கே எழுத்தாளர் உட்கார்ந்திருப்பார். இயக்குநர்கள் எபிசோடுக்கு எபிசோட் மாறுவார்கள்.

ஏஞ்சலா காங் இந்த அறைக்குள் இரண்டாவது சீசனில் வந்தார். டாரபான்ட், கிளென் மஸாரா, ஸ்காட் கிம்பிள் என்று மூன்று ஷோரன்னர்கள் மாறினார்கள். காங் எழுதிக்கொண்டே படியேறினார். ஒன்பதாவது சீசனில், 2018இல், தொடரே அவர் கைக்கு வந்தது. கிம்பிளும் இதே மாதிரி இரண்டாவது சீசனில் எழுத்தாளராக நுழைந்து நான்காவதில் பொறுப்பேற்றவர்தான். வெளியிலிருந்து பெரிய பெயரைக் கொண்டுவராமல் உள்ளேயே ஆள் எடுத்தார்கள் என்றால், உள்ளே இருந்தவர்கள் தயாராக இருந்தார்கள் என்று அர்த்தம். தன் எபிசோட் படமாகும்போது எழுத்தாளர் ஸ்பாட்டுக்குப் போவது அங்கே வழக்கம். மழை வந்தால் எந்தக் காட்சியை வெட்டலாம், குதிரை வராவிட்டால் வசனத்தை எப்படி மாற்றலாம் என்பதெல்லாம் அங்கே நின்று கற்பது. எழுத்தாளராகப் போகிறவர்கள் ஸ்பாட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். கூப்பிடாவிட்டால் கேட்டுப் போங்கள்.

கிர்க்மேனின் நிலைமை இன்னும் வினோதம். சொந்தக் கதை, ஆனால் அடுத்தவர் நடத்தும் அறையில் ஒரு நாற்காலி. முதல் சீசனின் நான்காவது எபிசோடை அவரே எழுதினார். காமிக்ஸில் சீக்கிரமே செத்துப்போகும் ஷேன், தொடரில் இரண்டு சீசன் வாழ்ந்தான். காமிக்ஸில் பிழைத்திருக்கும் சிறுமி சோஃபியா, தொடரில் ஜாம்பியாகக் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்தாள். தன் பிள்ளையை ஊரார் வளர்ப்பதைப் பார்க்கும் மனம் எல்லாப் படைப்பாளிக்கும் இருக்காது. அவர் அந்த மாற்றங்களை விரும்பியே பேசினார். அறைக்குள் போகும்போது எதை விட்டுக்கொடுப்பேன், எதை மாட்டேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போவது நல்லது. எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவரை அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். எதற்குமே போடாதவரைக் கூப்பிடத் தேவையே இருக்காது.

ஒப்பனைப் பெட்டியோடு வந்தவர்

நிகோட்டெரோவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பிட்ஸ்பர்க்காரர். டாக்டர் ஆகப் படிக்கப் போனவர். அந்த ஊரில்தான் ஜார்ஜ் ரொமேரோ இருந்தார். 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்து இன்றைய ஜாம்பிக்கு உருவம் கொடுத்தவர். அவருடைய ‘டே ஆஃப் தி டெட்’ படத்தில் ஒப்பனைக் கலைஞர் டாம் சவீனிக்கு உதவியாளாகச் சேர்ந்தார் நிகோட்டெரோ. படம் வந்தது 1985இல். மருத்துவம் போயிற்று, உடற்கூறு மட்டும் கூடவே வந்தது. 1988இல் இரண்டு நண்பர்களோடு கேஎன்பி என்ற ஒப்பனை நிறுவனம் தொடங்கினார். ‘தி வாக்கிங் டெட்’ வருவதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் ரத்தமும் சதையும் செய்து பழகிய கை.

தொடரில் அவர் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது கணக்கு. ஒரு எபிசோடுக்குச் சுமார் எட்டு நாள் படப்பிடிப்பு. ஃபிரேமில் நூற்றுக்கணக்கில் பிணங்கள். எல்லோருக்கும் முழு ஒப்பனை போட்டால் படப்பிடிப்பு நடக்காது. மூன்று வரிசையாகப் பிரித்தார். கேமராவுக்கு முன்னால் வருகிறவர்கள் ‘ஹீரோ’ ஜாம்பிகள்: தனித்தனியாகச் செய்த ரப்பர்த் துண்டுகள், லென்ஸ், பல், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் போல. நடுவரிசைக்குக் கொஞ்சம் குறைவான வேலை. கடைசி வரிசைக்கு முகமூடி. கேமரா எதைப் பார்க்கும் என்று தெரிந்தவரால்தான் உழைப்பை இப்படிப் பங்கிட முடியும். கேமரா, லென்ஸ், ஃபிரேம் எல்லாம் பக்கத்து மேசைச் சமாச்சாரம் என்று இருந்திருந்தால், எல்லாப் பிணத்துக்கும் ஒரே மாதிரி பூசிவிட்டு நேரம் போதவில்லை என்று புலம்பியிருப்பார்.

இன்னொன்றும் செய்தார்கள். கதையில் காலம் போகப் போக, பிணங்களை மேலும் அழுகவைத்தார்கள். முதல் சீசனில் நேற்றுச் செத்தவர் போல இருக்கும் முகம், பின்னால் எலும்பும் நாருமாகியது. இதை யாரும் ஸ்கிரிப்டில் வரி வரியாக எழுதித் தரத் தேவையில்லை; கதையைப் படித்துத் தன் துறைக்கு மொழிபெயர்க்கத் தெரிந்த ஆள் இருந்தால் போதும். 2011, 2012 இரண்டு வருஷமும் செயற்கைத் தோல் ஒப்பனைக்கான எம்மி விருது இந்தக் குழுவுக்கு வந்தது.

அவர் அங்கே நிற்கவில்லை. ஜாம்பிக் கூட்டத்தைப் படமாக்கும்போது, எந்தப் பிணம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்தவர் அவர்தான். இரண்டாம் யூனிட் படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்டார், 2011இல் இணையத்துக்கான குட்டி எபிசோடுகளை இயக்கினார், 2012 மார்ச்சில் முதல் முழு எபிசோட். அதன் பிறகு முப்பதுக்கும் மேல் இயக்கிவிட்டார். எக்ஸிகியூட்டிவ் புரொடியூசரும் ஆனார். அந்த முதல் எபிசோடை எழுதியவர் யார் தெரியுமா? முந்தைய சீசனில் அறையிலேயே இல்லாத ஏஞ்சலா காங். ஒப்பனைக்காரர் இயக்க, புது எழுத்தாளர் எழுத, அதில் செத்தது டேல் என்ற பாத்திரம். அந்தச் சாவுக்கு ஒரு பின்கதை உண்டு. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

கேமரா பக்கமும் இதே கதை. முதல் சீசனில் கேமரா ஆபரேட்டராக இருந்த மைக்கேல் சட்ராஸெமிஸ் ஒளிப்பதிவாளரானார். பிறகு எபிசோடுகளை இயக்கினார். இந்தத் தொடரின் பெரும்பகுதியைச் சூப்பர் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். 2010இல் எல்லோரும் டிஜிட்டலுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஃபிலிமின் பொரிப்பொரியான தோற்றம் பழைய பயப்படங்களை ஞாபகப்படுத்தும். கேமரா சிறியது, தூக்கிக்கொண்டு ஓடலாம். ரப்பர் தோலின் ஓரம் தெரியாமல் போவது உபரி லாபம். ஒளிப்பதிவாளரின் முடிவு ஒன்று ஒப்பனைக்காரரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். மறு துறை தெரியாவிட்டால் இரட்டிப்பாக்கும். அசிஸ்டென்டாக இருப்பவர்கள் டீ பிரேக்கில் சொந்தத் துறை ஆட்களோடு மட்டும் உட்காரக் கூடாது என்பது இதற்காகத்தான்.

நடிகர்களுக்கு

நார்மன் ரீடஸ் மெர்ல் என்ற பாத்திரத்துக்குத்தான் தேர்வுக்குப் போனார். அது மைக்கேல் ரூக்கருக்குக் கிடைத்தது. ஆனால் ரீடஸின் நடிப்பு டாரபான்டுக்குப் பிடித்துப்போனதால் மெர்லுக்கு ஒரு தம்பியை உருவாக்கினார்கள்: டேரில். காமிக்ஸில் அப்படி ஒரு ஆளே கிடையாது. கடைசியில் தொடரின் மிகப் பிரபலமான முகம் அதுதான். அந்தப் பெயரில் தனித் தொடரே வந்துவிட்டது. தேர்வில் உங்களைப் பார்ப்பவர்கள் இந்த ஒரு வேடத்துக்கு மட்டும் பார்ப்பதில்லை. வேடம் கிடைக்கவில்லை என்பதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வராதீர்கள்.

மெலிஸா மெக்பிரைட், அட்லாண்டாவில் பல வருஷம் நடிகர் தேர்வு வேலை பார்த்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்கள் செய்யும் தவறுகளையெல்லாம் பார்த்தவர். டாரபான்டின் ‘தி மிஸ்ட்’ படத்தில் ஒரு சிறு வேடம் செய்தார். அந்த அறிமுகத்தில் கேரல் வேடம் வந்தது. அடி வாங்கும் மனைவி, இரண்டு மூன்று வரி வசனம். மூன்றாவது சீசனில் கொன்றுவிடலாம் என்ற யோசனைகூட வந்து போனது. கடைசி எபிசோட்வரை நின்றார்.

கதாநாயகன் ஆண்ட்ரூ லிங்கன் லண்டன்காரர். அமெரிக்கத் தெற்கத்தி உச்சரிப்பு அவருக்கு அந்நியம். ஸ்பாட்டில் இருக்கும் நேரமெல்லாம், கேமரா ஓடாதபோதும், அதே உச்சரிப்பில்தான் பேசினார். மதுரைத் தமிழோ கொங்குத் தமிழோ பேசி நடிக்கப்போகிறவர்கள் ‘டேக்’ சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். நாக்கு அவ்வளவு சொன்னபடி கேட்காது.

மிஷோன் வேடத்தில் வாளைத் தூக்கிய டனாய் குரீரா நாடக ஆசிரியர். தொடரில் நடித்துக்கொண்டிருந்தபோதே, 2016இல் அவருடைய ‘எக்லிப்ஸ்ட்’ நாடகம் பிராட்வேயில் நடந்தது. 2024இல் வந்த ‘தி ஒன்ஸ் ஹூ லிவ்’ என்ற கிளைத் தொடரை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு எபிசோடை எழுதியும் கொடுத்தார். நடிக்கிறவருக்கு எழுதத் தெரிந்தால் வயது ஏற ஏற வேடம் குறையும் பயம் பாதி போய்விடும் என்பது என் கணிப்பு.

துணை நடிகர்களுக்குத் தனியாக ஒரு பேச்சு. ஜாம்பி பள்ளியின் முதல் பாடமே, அதிகம் செய்யாதே என்பது. கூட்டத்தில் ஒருவர் தன்னைக் காட்டிக்கொள்ள உறுமினால் ஷாட் போச்சு. அடங்கி நடந்தவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்களில் சிலருக்கு முன்வரிசை கிடைத்தது. கால்ஷீட் நேரத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் வருவது, ஒட்டிய தோலைச் சொறியாமல் இருப்பது, செல்போனில் படம் எடுக்காமல் இருப்பது. இவ்வளவுதான் தகுதிப் பட்டியல். கடைசியாகச் சொன்னது சாதாரணமல்ல. 2016இல் நீகன் என்ற வில்லன் யாரை அடித்துக் கொன்றான் என்று தெரியாமல் ரசிகர்கள் ஆறு மாதம் காத்திருந்தார்கள். ரகசியம் கசிந்தாலும் உண்மை தெரியக் கூடாது என்று, வெவ்வேறு பாத்திரங்கள் சாவது போலவும் அந்தக் காட்சியைப் படமாக்கிவைத்தார்கள். இப்படிப் பணம் செலவழித்துக் காக்கிற ரகசியத்தை ஒரு செல்ஃபி உடைத்தால், எடுத்தவருக்கு அந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது.

பெயர் வைப்பதிலும் ஒரு சின்ன நுட்பம். இந்தக் கதை நடக்கும் உலகத்தில் ரொமேரோ படமே எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் யாருக்கும் ‘ஜாம்பி’ என்ற சொல் தெரியாது. பார்த்ததை வைத்து ‘வாக்கர்’ என்கிறார்கள், நடக்கிறவன். நம்மூரில் 2016இல் ஜெயம் ரவி நடித்து சக்தி சௌந்தர் ராஜன் எடுத்த படத்துக்கு மிருகத்தையும் மனிதனையும் சேர்த்து ‘மிருதன்’ என்று பெயர் வைத்தது இதே வேலைதான். கதை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி ஒரு சொல்லுக்காக ஒரு நாளைச் செலவழிக்கலாம், வீண் அல்ல.

ஊருக்கு என்ன லாபம்

தொடர் ஏன் ஜார்ஜியாவில் எடுக்கப்பட்டது? கதை அங்கே நடக்கிறது என்பது ஒரு காரணம். 2008இல் அந்த மாநிலம் கொண்டுவந்த வரிச்சலுகை இன்னொரு காரணம். செலவில் 20 சதவீதம் வரிக்கழிவு. மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தைப் படத்தில் போட்டால் கூடுதலாக 10. பட முடிவில் வரும் அந்தப் பழம் அழகுக்கு அல்ல. இந்தக் கணக்கைச் சரியாக எழுதத் தெரிந்த தயாரிப்புக் கணக்காளருக்கு அங்கே நடிகருக்கு இருப்பதைவிட நிலையான வேலை. செனோயா என்ற சிற்றூரின் கடைத்தெரு தொடரில் வுட்பரி என்ற ஊராகியது. கடைக்காரர்களிடம் பேசித் தெருவை மூட வேண்டும், மாலையில் திறந்துவிட வேண்டும், அடுத்த வருஷமும் அவர்கள் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். அது லொகேஷன் மேனேஜரின் வேலை. பி.காம் படித்துவிட்டு சினிமா ஆசையை மனசுக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு வேலைகளையும் விசாரிக்கலாம்.

கையெழுத்துக்கு முன்னால்

இப்போது டேல் கதை. 2011 ஜூலையில் காமிக்-கான் மேடையில் டாரபான்ட் இரண்டாவது சீசனைப் பற்றிப் பேசினார். சில நாளிலேயே அவரை நீக்கினார்கள். டேலாக நடித்த ஜெஃப்ரி டிமன், டாரபான்டின் பழைய கூட்டாளி. அவர் இல்லாத இடத்தில் நான் எதற்கு என்று, தன் பாத்திரத்தைக் கொன்றுவிடச் சொன்னார். கொன்றார்கள். அந்த விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் வாடகை கட்டுகிறவர்களுக்கு அதை ஆலோசனையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

டாரபான்ட் 2013 டிசம்பரில் வழக்குப் போட்டார். சிக்கல் இதுதான்: தொடரைத் தயாரித்தது ஏஎம்சியின் ஸ்டூடியோ, வாங்கி ஒளிபரப்பியது ஏஎம்சியின் சேனல். வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும் பணத்துக்கு என்ன விலை போடுவது? விலை குறைந்தால் ஸ்டூடியோவின் லாபம் குறையும். லாபத்தில் பங்கு என்று கையெழுத்துப் போட்டவருக்கும் குறையும். 2021 ஜூலையில் 20 கோடி டாலருக்குச் சமரசமானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிர்க்மேன், ஹர்ட் முதலானவர்கள் 2017இல் போட்ட வழக்கில், லாபத்தைக் கணக்கிடும் முறையை ஒப்பந்தமே ஏஎம்சியின் கையில் கொடுத்திருக்கிறது என்று 2020இல் நீதிபதி சேனல் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரே தொடர், ஏறக்குறைய ஒரே குறை, முடிவு வேறு வேறு. அதற்கெல்லாம் முன்னால், ரொமேரோவின் 1968 படத்துக்குப் பெயர் மாற்றியபோது விநியோகஸ்தர் காப்புரிமை அறிவிப்பைப் போட மறந்தார். படம் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றாகிவிட்டது. ஜாம்பிக்கு உருவம் கொடுத்தவருக்கு அதன் வருமானம் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

‘லாபத்தில் பங்கு’ என்று யாராவது சொன்னால், லாபம் என்பதை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தாளில் இல்லாவிட்டால் அந்தப் பங்கை விட்டுத்தள்ளி நாள் சம்பளத்தை உயர்த்திக் கேட்பதே புத்திசாலித்தனம். புதிதாகச் சேர்கிறவர்கள் பார்க்க வேண்டியவை வேறு: நாளுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு மேல் கூடுதல், பேட்டா, படப்பிடிப்பு ரத்தானால் என்ன, டைட்டிலில் பெயர் எப்படி வரும், பணம் எந்தத் தேதிக்குள். வாய்ப்பேச்சில் முடித்துவிட்டார்களா? அன்று இரவே வாட்ஸ்அப்பில், “அண்ணே, இன்னைக்குப் பேசினபடி இவ்வளவு, இந்தத் தேதிக்குள்ள, சரிதானே?” என்று ஒரு வரி அனுப்பிவையுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால், அதையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டதாக இருக்கட்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜூலையில் எட்டாவது சீசன் படப்பிடிப்பில், பால்கனியிலிருந்து விழும் காட்சிக்கான ஒத்திகையின்போது ஒரு ஸ்டன்ட் கலைஞர் தவறி விழுந்து இறந்துபோனார். படப்பிடிப்பு நின்றது. பணியிடப் பாதுகாப்புத் துறை தயாரிப்பு நிறுவனத்துக்கு 12,675 டாலர் அபராதம் விதித்தது. சட்டப்படி அதற்கு மேல் போட வழியில்லை. வருஷக்கணக்கில் ஓடிப் பழகிய, சங்கம் உள்ள யூனிட்டிலேயே இது நடந்திருக்கிறது. உயரம், நெருப்பு, தண்ணீர், கம்பி என்று எதிலாவது சந்தேகம் வந்தால், மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள்: கீழே என்ன விரித்திருக்கிறது, எத்தனை முறை சோதித்தீர்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது. பதில் மழுப்பலாக இருந்தால் அன்றைக்குச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, கீழே இறங்கிவிடுங்கள்.

சாவு விருந்து

இந்தத் தொடரில் வேலை போவதற்கு ஒரு முறைமை இருந்தது. ஷோரன்னரிடமிருந்து போன் வரும். அந்த அழைப்பு என்றாலே நடிகர்களுக்கு அடிவயிறு கலங்கும். பாத்திரம் எப்போது, எப்படிச் சாகிறது என்று அவரே சொல்லிவிடுவார்; பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவமானம் கிடையாது. அப்புறம் சக நடிகர்கள் சேர்ந்து ஒரு நாள் சாப்பிடப் போவார்கள். ‘டெத் டின்னர்’ என்று பெயர், சாவு விருந்து. பழைய சீசன்களில் செத்தவர்களும் வருவது உண்டு. ஆட்குறைப்புச் செய்யும் நம் கம்பெனிகளின் எச்ஆர் அண்ணன்மார், ஒரு மின்னஞ்சலில் எல்லோரையும் அனுப்பிவைக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இந்தப் பழக்கத்தை யோசித்துப் பார்க்கலாம்.

2016இல் நீகன் அடித்துக் கொன்ற கிளென்னாக நடித்த ஸ்டீவன் யன்னுக்குத் தன் சாவு முன்பே தெரியும். காமிக்ஸின் நூறாவது இதழில் 2012லேயே எழுதியிருந்தது. அந்தச் சாவை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். போவது நிச்சயம் என்றான பிறகு எப்படிப் போவது என்பதையாவது தேர்ந்தெடுத்தார். பிறகு 2018இல் கொரிய மொழியில் ‘பர்னிங்’, 2020இல் ‘மினாரி’ படங்களில் நடித்தார். ‘மினாரி’ அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைக் கொண்டுவந்தது.

கிளென் செத்த அதே எபிசோடில், அவனுக்குச் சற்று முன்னால், நீகனின் மட்டையில் விழுந்த இன்னொருவர் ஆப்ரகாம். நடித்தவர் மைக்கேல் கட்லிட்ஸ். அவர் வேறு பக்கம் போகவில்லை. நடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் கேமராவுக்குப் பின்னால் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார் போலிருக்கிறது. ஒன்பதாவது சீசனில் கூப்பிட்டார்கள். 2016இல் மண்டை பிளந்து செத்த ஆப்ரகாம், 2018இல் அதே ஜார்ஜியா வெயிலில், ரப்பர் தோல் ஒட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து “ஆக்‌ஷன்” சொன்னார்.